தளர்ந்த காலும் தளராத கருணையும்

சிராவகர் ஏற்கும் அணுவிரதங்கள் ஐந்தனுள் தலையாயது கொல்லாமை. அவ்விரதத்துக்கு நேரும் குற்றங்களாக ஐந்து அதிசாரங்களை ஆசாரியப் பெருமக்கள் வகுத்துள்ளனர். கட்டிவைத்தல், அடித்து வருத்துதல், உறுப்பைச் சிதைத்தல், தாங்கும் அளவுக்கு மேல் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்திலும், சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்திலும் இவற்றைக் காணலாம். இளமையில் இவற்றை மனப்பாடமாக ஒப்புவித்தவர்கள் நம்முள் பலர். எனினும் இந்த ஐந்தனுள் ஒன்றில்கூடக் கொலை இல்லை என்பதை நம்முள் எத்தனை பேர் நின்று நோக்கினோம்? கொல்லாமை விரதத்தின் குற்றங்களை எண்ணப் புகுந்த பெரியோர், கொலையைச் சொல்லாமல், உயிரோடு நம் கைக்குள் இருக்கும் ஒரு விலங்கை நாம் எவ்வாறு நடத்துகிறோம் என்பதையே ஐந்து முறையும் சொல்லியிருக்கின்றனர். கசாப்புக் கடைக்குப் போகாதவன், வேட்டையாடாதவன் இவ்விரதத்தில் தேறிவிட்டான் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆசாரியர்களோ தொழுவத்தையும் லாயத்தையும் வந்து பார்க்கிறார்கள்.

இதனை எழுதத் தூண்டியது ஒரு வினா. இங்கிலாந்தில் குடியேறி வாழும் நம் சமூகத்துக் குடும்பம் ஒன்றில், மகள் விரும்பியதால் ஒரு பெண்குதிரையை வாங்கி வளர்த்து வருகிறார்கள். அக்குதிரைக்கு வயது பதினொன்று. அதன் வலது முன்காலின் தசைநார் கிழிந்து நொண்டியது, தேறியது, மறுபடி நொண்டியது, மறுபடி தேறியது, இப்போது மூன்றாம் முறையாகக் காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது. இனி அதன்மீது ஏறி ஓட்டுவது ஐயத்துக்குரியது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். விற்றுவிடலாம் என்கிறார் ஒருவர். ஊசி போட்டு அமைதியாக அனுப்பிவிடுவதே கருணை என்கிறார் மற்றொருவர். சும்மா மேயவிட்டு வைத்திருந்தால் ஆகும் செலவைக் கணக்கிட்டுக் காட்டுகிறார் இன்னொருவர். ஜின தருமம் இதற்கு என்ன சொல்கிறது என்பது அவர்கள் கேள்வி.

சாகும் விலங்கைப் பற்றிய கேள்விக்கு நூல்களில் விடை தேடுவது எளிது. நலமாக உழைக்கும் விலங்கைப் பற்றியும் நெறி உண்டு. சாகவும் இல்லை, உழைக்கவும் இல்லை, தேறியதுபோல் காட்டி மீண்டும் மீண்டும் தளரும் விலங்குதான் நம்மை உண்மையாகச் சோதிப்பது. ஒரு நாள் கருணை எவருக்கும் வரும். நாலாண்டுக் கருணைதான் அரிது. ஆகவே இவ்வினாவைச் சற்று விரிவாகவே பார்க்க விழைகிறேன்.

முதலில் அந்தக் காலை அறிந்துகொள்ள வேண்டும். குதிரையின் முன்காலில் நாம் முழங்கால் என்று சொல்லும் மூட்டு, நம் மணிக்கட்டுக்கு நிகரானது. அதற்குக் கீழே குதிரை ஒற்றை நடுவிரலின் நுனியில் நிற்கிறது. அவ்விரலின் நகமே குளம்பு. அந்தப் பகுதியில் சதைப்பற்று அநேகமாக இல்லை. எலும்பும், நரம்பும், இரத்தக் குழாயும், தசையை எலும்போடு சேர்க்கும் தசைநாணும், எலும்பை எலும்போடு பிணைக்கும் தசைநாருமே உண்டு. இவற்றுள் முக்கியமான ஒரு நார், முழங்காலுக்குச் சற்றுக் கீழே காலெலும்பின் பின்புறத்தில் தொடங்கி, கீழிறங்கி, இரண்டாகக் கிளைத்து, குளம்புக்கு மேலுள்ள கணுமூட்டின் பின்புறத்தில் இரு சிற்றெலும்புகளைப் பற்றுகிறது. குழந்தையைத் தூளி தாங்குவதுபோல அது அக்கணுமூட்டைத் தாங்குகிறது. அதனைத் தாங்குநார் என்று சொல்லலாம். ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள குதிரை நிற்கும்போது, அவ்வெடையில் நூற்றுக்கு 60 பங்கு முன்கால்களின்மேல் விழுகிறது. பாய்ந்தோடும்போதோ, ஒரு கால் மட்டும் ஊன்றும் கணத்தில், உடல் எடையின் இரு மடங்கினும் மிகுந்த விசை அந்த ஒரு காலில் இறங்குகிறது. தூளி நிலத்தைத் தொடும் அளவு தாழ்ந்து எழுகிறது. விரலளவேயான நார் இத்தனை பாரத்தையும் ஏற்கிறது என்பதை எண்ணினால், குதிரைகள் நொண்டுவதைவிட, பெரும்பாலான குதிரைகள் நொண்டாமல் இருப்பதே வியப்பாகத் தோன்றும்.

அந்நார் கிழிந்தால் என்ன ஆகிறது? நாருக்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆகவே ஆறுவது மெதுவாகத்தான். ஆறிய இடத்தில் வளர்வதும் பழைய நார் அன்று. நீளவாக்கில் ஒழுங்காக அடுக்கிய இழைகளுக்கு மாறாக, தாறுமாறாகப் பின்னிய தழும்பே முதலில் தோன்றுகிறது. மாதக் கணக்கில் சிறிது சிறிதாக இழுவிசை கொடுத்துவந்தால்தான் அந்தத் தழும்பின் இழைகள் ஓரளவு ஒழுங்குபடும். அப்பொழுதும் பழைய நெகிழ்ச்சி முழுவதும் திரும்புவதில்லை. இதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையும், சில வேளைகளில் அதற்கு மேலும் ஆகும். ஆனால் வீக்கமும் நோவும் சில வாரங்களிலேயே அடங்கிவிடுகின்றன. மீண்டும் மீண்டும் நொண்டுவதன் மூலம் இங்கேதான் இருக்கிறது. நோவு போவது ஒரு காலம்; நார் தேறுவது வேறொரு காலம். இரண்டுக்கும் இடையே உள்ள பல மாதங்களில், குதிரை நலமாக நடக்கிறது; துள்ளுகிறது; ஓட விரும்புகிறது. உடையவரின் மனமும் துள்ளுகிறது. ஒரு நல்ல காலைப் பொழுதில் சேணம் பூட்டப்படுகிறது. மறுநாள் குதிரை காலைத் தாங்குகிறது.

இம்சை என்பது பிரமத்த யோகத்தால் பிராணன்களுக்கு ஊறு செய்தல் என்று நம் ஆகமம் இலக்கணம் கூறும். பேச்சு வழக்கில் 'சாப்பாடு பிரமாதம்' என்று சொல்லிச் சொல்லி, இச்சொல்லின் பொருளையே நாம் தலைகீழாக்கிவிட்டோம். பிரமாதம் என்றால் விழிப்பின்மை, அசட்டை, ஆசையினால் கண் மறைதல். கொடுமை செய்ய வேண்டும் என்ற எண்ணம் துளியும் இல்லாத ஒருவர், தம் குதிரையை உயிரினும் மேலாக நேசிக்கும் ஒருவர், 'இன்று நன்றாகத்தானே நடக்கிறது' என்று ஏறி அமர்கிறாரே, அதுவே பிரமாதம். 1980களிலிருந்து கேளா ஒலிக் கருவி கொண்டு நாரின் உள்நிலையைப் படமாகப் பார்க்கும் வழி வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லித் தப்புவதற்கு இப்போது இடமில்லை. இரத்தத் தட்டணுக்களைப் பிரித்து ஊசியாகச் செலுத்துதல், ஸ்டெம் செல் சிகிச்சை, அதிர்வலை முதலிய பல முறைகளும் வழக்கில் உள்ளன. இவை துணை செய்யலாம். காத்திருக்கும் கடமையை இவற்றுள் எதுவும் நீக்கிவிடுவதில்லை.

அதிசாரங்களுள் மிகைபாரம் என்பதற்கு நாம் வண்டி மாட்டையும் கழுதையையும் எண்ணிக்கொள்கிறோம். மிகை என்பது எடைக் கல்லால் மட்டும் அளக்கப்படுவதன்று. தாங்கும் காலால் அளக்கப்படுவது. நலமுற்ற குதிரைக்கு ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண் பாரமே ஆகாள். அரைகுறையாகத் தேறிய தாங்குநாருக்கு அவளே மிகைபாரம்.

இனி, கட்டிவைத்தல். இந்த இடத்தில் தான் நூல் பயின்றவரும் சற்றுத் திகைக்க நேரும். நார் கிழிந்த குதிரைக்கு மருத்துவர் சொல்லும் முதல் மருந்தே அடைத்து வைப்பதுதான். பத்துப் பன்னிரண்டு அடிச் சதுரமான லாயத்தில் வாரக் கணக்கில் நிறுத்த வேண்டும். பிறகு கையில் கயிற்றைப் பிடித்து, நாளுக்கு ஐந்து அல்லது பத்து நிமிடம் நடத்த வேண்டும். வாரத்துக்குச் சில நிமிடங்களாக அதைக் கூட்ட வேண்டும். வேலையில்லாக் காலத்தில் கொழுப்பு ஏறினால் காலுக்கே கேடு என்பதால் தானியத்தையும் குறைக்க வேண்டும். கட்டிவைத்தல் ஆயிற்று, உணவு குறைத்தல் ஆயிற்று. இரண்டு அதிசாரங்களை நாமே வலியச் செய்கிறோமே என்று ஓர் எளிய உள்ளம் கலங்கலாம். மறுபுறம், பரந்த வெளியில் பிடரி பறக்க அதை ஓடவிட்டால், பார்ப்பவர் கண்ணுக்கு அதுவே விடுதலையாகவும் அன்பாகவும் தோன்றும். உண்மையில் காலை முறிக்கும் அன்பு அது.

ஆகவே செயலின் புறத்தோற்றத்தைக் கொண்டு அதிசாரத்தை முடிவு செய்ய இயலாது. யார் நலத்துக்காகக் கட்டினாய், எவ்வளவு விழிப்போடு கட்டினாய் என்பனவே வினா. கட்டிவைத்தலை மருந்தாக்குவது எதுவென்றால், கட்டிய பிறகு கட்டியவர் செய்யும் வேலைதான். குதிரை கூட்டமாக வாழும் பிராணி. தன்னந்தனியே அடைபட்டால் அது மரத்தைக் கடிக்கும். இருந்த இடத்திலேயே உடலை இடமும் வலமும் அசைத்துக்கொண்டே நிற்கும். இயற்கையில் நாளின் பெரும்பகுதி மேய்வது அதன் வழக்கம் ஆதலால், வயிறு வெறுமையாகக் கிடந்தால் இரைப்பையில் புண் வரும். வயிற்றுவலி வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே தானியம் குறையலாம், உலர்புல் குறையலாகாது. அண்டை லாயத்தில் இன்னொரு குதிரையின் முகம் தெரிய வேண்டும். துணைக்கு ஓர் ஆட்டைக் கட்டும் பழக்கம் மேல்நாட்டுக் குதிரை லாயங்களில் நெடுங்காலமாக உண்டு; கேட்பதற்கு வேடிக்கை, குதிரைக்கோ பெரிய ஆறுதல். இவற்றையெல்லாம் செய்துவிட்டு, மழையிலும் பனியிலும் அந்தப் பத்து நிமிட நடையைத் தவறாமல் நடத்துகிறவரின் கையில் இருக்கும் கயிறு, அதிசாரம் ஆகாது. கதவைச் சாத்திவிட்டு ஊருக்குப் போய்விடுகிறவரின் கயிறு அதிசாரமே. இரண்டும் ஒரே கயிறுதான்.

அடித்தலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரையாகும் விலங்கினத்தில் பிறந்தது குதிரை. நோவைக் காட்டிக்கொள்வது காட்டில் உயிருக்கு உலை ஆதலால், அது இயன்றவரை நோவை மறைக்கும். முன்கால் நோவுள்ள குதிரை, நோவுள்ள கால் ஊன்றும்போது தலையை உயர்த்தி, நல்ல கால் ஊன்றும்போது தாழ்த்தும் என்பது பழகிய கண்ணுக்குத் தெரியும். அவ்வளவுக்கு வராத நுண்ணிய நோவோ, வாலை வீசுதல், காதைப் பின்னே மடித்தல், கடிவாளத்தை எதிர்த்தல், தடையைத் தாண்ட மறுத்தல் என்று வேறு வடிவங்களில் வெளிப்படும். இவற்றுக்கெல்லாம் நெடுங்காலமாக மனிதர் இட்ட பெயர் முரட்டுத்தனம். அளித்த விடை சவுக்கு. 2014இல் குதிரையின் முகக்குறிகளைக் கொண்டு நோவை மதிப்பிடும் அளவுகோல் ஒன்று வெளியாயிற்று. 2018இல் சூ டைசன் என்னும் ஆங்கிலேய மருத்துவ அம்மையாரும் உடன் ஆய்ந்தோரும், ஏறி ஓட்டும்போது தோன்றும் 24 நடத்தைகளைத் தொகுத்து, அவற்றுள் எட்டோ அதற்கு மேலோ காணப்பட்டால் நோவு இருத்தல் கூடும் எனக் காட்டினர். பேசாத உயிரின் மொழியை அறியாமல் அதை அடித்துக்கொண்டிருந்த பாவம் எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. இனி அறிந்த பிறகும் அடித்தால் அது அறியாமைக் கணக்கில் வராது.

நோவடக்கும் மருந்தையும் இவ்வாறே நோக்க வேண்டும். வீக்கத்தையும் நோவையும் தணிக்க மருந்து கொடுத்தல் கருணை. அதே மருந்தைக் கொடுத்து, நொண்டல் மறைந்ததும் ஏறி ஓட்டுதல், அல்லது வாங்க வருபவர் முன் ஓட்டிக் காட்டுதல், அக்குதிரையிடம் எஞ்சியிருந்த ஒரே காவலையும் பறித்தலாகும். பின்கால் தாங்குநார் நோவுக்கு நரம்பையே அறுத்துவிடும் சிகிச்சையும் உண்டு. உறுப்பைச் சிதைத்தல் என்னும் அதிசாரம் அங்கே நினைவுக்கு வருதல் இயல்பு. நோவின்றி மேய்வதற்காக அறுத்தாரா, மீண்டும் போட்டிக்கு அனுப்புவதற்காக அறுத்தாரா என்று கேட்டுக்கொண்டு மேலே செல்வோம்.

தளர்ந்த குதிரையை மீட்டெடுத்த கதைகளுள் மேல்நாட்டில் மிகப் புகழ்பெற்றது ஆல்டனிட்டி என்னும் குதிரையின் கதை. அதற்கு நேர்ந்தது தசைநாண் முறிவு. நாருக்கும் நாணுக்கும் இவ்வகையில் பெரிய வேறுபாடு இல்லை. ஏற்கெனவே கால் தளர்ந்து தேறியிருந்த அக்குதிரை, 1979 நவம்பரில் ஓர் ஓட்டத்தில் மீண்டும் கால் முறிவுற்றது. அதே 1979இல் அதன் குதிரையோட்டியான பாப் சாம்பியனுக்குப் புற்றுநோய் கண்டது. இருவரும் நீண்ட சிகிச்சைக்கு உட்பட்டனர். ஓராண்டுக்கு மேல் பொறுத்து, 1981 பிப்ரவரியில் குதிரை மீண்டும் களத்துக்கு வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், லிவர்ப்பூல் அருகே முப்பது தடைகளைத் தாண்டி ஏறத்தாழ நாலரை மைல் ஓடும் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் அவ்விருவருமே வென்றனர். 1984இல் இது திரைப்படமாகவும் வந்தது. கண்ணீர் மல்காமல் கேட்க இயலாத கதைதான்.

ஆயினும் ஜைனக் கண் இக்கதையில் ஒரு வேறுபாட்டைக் காணாமல் இராது. அம்மனிதர் தம் நோயின் தன்மையைக் கேட்டறிந்தார். கடுமையான மருந்தை ஏற்க இசைந்தார். தேறியபின் அப்பந்தயத்துக்குச் செல்லத் தாமே துணிந்தார். விழுந்திருந்தால் அது அவர் தெரிந்தெடுத்த வீழ்ச்சி. குதிரையை யாரும் கேட்கவில்லை. கேட்கவும் வழியில்லை. 1982இல் அதே பந்தயத்துக்கு மீண்டும் கொண்டுவரப்பட்டபோது, முதல் தடையிலேயே ஆல்டனிட்டி விழுந்தது. நல்வினையாக உயிர் பிழைத்து ஓய்வு பெற்று, 1997 வரை வாழ்ந்தது. பொறுமையோடு பேணி அக்காலைத் தேற்றியவர்களை நான் வணங்குகிறேன். தேற்றிய காலை மறுபடி அதே தடைகளின்மேல் ஏவியதைப் போற்ற எனக்கு மனம் வரவில்லை. வென்றதனால்தான் அது வீரக் கதை ஆயிற்று. வெல்லாமல் வழியில் முறிந்த கால்களுக்குத் திரைப்படம் எடுப்பார் இல்லை. இக்கதையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, 'நம் குதிரையும் ஒருநாள் திரும்ப ஓடும்' என்று நம்புகிறவர்கள், அந்த நம்பிக்கை குதிரையுடையதா தம்முடையதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இராகம் என்பது வெறுக்கத்தக்க முகத்தோடு வருவதில்லை. பெரும்பாலும் நம்பிக்கையின் முகத்தோடுதான் வருகிறது.

விற்பதைப் பற்றிய கேள்விக்கு விடை கடுமையானதுதான். மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும், செய்தல், செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என்னும் மூன்று வகையாலும் வினை வந்து சேரும் என்பது நம் கொள்கை. நொண்டும் குதிரையை யார் விலை கொடுத்து வாங்குவார்? குறையை அறியாதவர் வாங்குவார். அவரிடம் மறைத்து விற்றால் வாய்மை விரதம் முதலில் உடைகிறது, அவர் ஏறி ஓட்ட, குதிரையின் கால் அடுத்து உடைகிறது. குறையை அறிந்து வாங்குவோர் பெரும்பாலும் இறைச்சி வணிகரே. அமெரிக்க நாட்டில் கடைசிக் குதிரை அறுப்புக்கூடங்கள் 2007இல் மூடப்பட்டன. அதன் பின்னர் வேண்டாத குதிரைகள் எல்லை தாண்டி மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் நெடுந்தொலைவு லாரிகளில் ஏற்றிச் செல்லப்பட்டன. பிரிட்டனில் 2024இல்தான், அறுப்பதற்காக உயிருடன் விலங்குகளை ஏற்றுமதி செய்வதைத் தடுக்கும் சட்டம் வந்தது. சட்டம் ஒரு வாயிலை அடைத்தால் வணிகம் மறு வாயிலைத் தேடும். வாங்குபவர் யார், எதற்காக வாங்குகிறார் என்று கேட்காமல் கைமாற்றிவிடுபவர் செய்வித்தவரே ஆவார். முழுக் குறையையும் சொல்லி, ஏறாமல் துணைக் குதிரையாக வைத்துக்கொள்ளும் நல்லவர் ஒருவரிடம் ஒப்படைத்து, பின்னும் போய்ப் பார்த்துவருவது வேறு. அது விற்பனை ஆகாது, பொறுப்பைப் பகிர்தல். ஏற இயலாத பெண்குதிரையைக் குட்டி போடவாவது பயன்படுத்தலாம் என்று சொல்வோரும் உண்டு. காலின் குறை பிறவியிலே வந்த அமைப்பினாலும் இருக்கலாம் ஆதலால், அதைக் குட்டிக்கும் கொடுக்கும் அந்த யோசனையை நான் ஏற்கவில்லை.

குதிரையை விட்டு நம் ஊருக்கு வருவோம். நம் குடும்பங்கள் பல தலைமுறைகளாக உழவுத் தொழிலில் நின்றவை. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் நம்மவர் வீடுகளில் குதிரை இராது. மாடு இருந்தது, சிலர் வீட்டில் இன்றும் இருக்கிறது. ஏரில் பூட்டிய எருது கால் தளர்ந்தால் நாம் என்ன செய்தோம்? சிலர் இரும்பைக் காய்ச்சிச் சூடு போட்டோம். குதிரைக்கும் மேல்நாட்டார் நெடுங்காலம் இதையே செய்தனர். 1983இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்து பார்த்தபோது, சூட்டினால் நாண் ஆறுவதில் நன்மை ஏதும் இல்லை எனத் தெரியவந்தது. சூட்டுப் புண் ஆறும் வரை வேலை வாங்க முடியாது ஆதலால் கிடைத்த ஓய்வே முன்பு குணமாக்கியிருக்க வேண்டும். ஓய்வைக் கொடுப்பதற்கு ஒரு புண்ணைக் காரணமாகத் தேடிய மனிதனின் அவசரத்தை என்னென்பது! மற்றும் சிலர், தளர்ந்த மாட்டைச் சந்தைக்கு ஓட்டினோம். துண்டுக்கு அடியில் விரல் பிடித்துத் தரகர் விலை பேசும்போது, அந்த மாடு எங்கே போகிறது என்பது இரு தரப்புக்கும் தெரியும். எவரும் வாயால் சொல்வதில்லை. வாயால் சொல்லாததனால் உடன்பாடு இல்லை என்று ஆகிவிடாது. டிராக்டர் வந்தபின் இச்சங்கடம் நம்மைவிட்டு நீங்கியதுபோல் இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து வந்த கேள்வி நமக்கு அன்னியமானது என்று எவரும் கருதிவிட வேண்டா என்பதற்காகவே இதை நினைவூட்டுகிறேன். உழைக்க முடியாத, நோயுற்ற விலங்குகளைக் காக்கப் பிஞ்சரபோல்களை நிறுவி நடத்தி வந்தவர்கள் பெரும்பாலும் வடநாட்டு ஜைனப் பெருமக்கள். சென்னை அயனாவரத்திலும் ஒன்று உண்டு. அதற்குப் பணம் அனுப்புவது நன்றுதான். ஆனால் அவர்களைப் போல் இத்துறையில் நாம் நிறுவனம் கண்டதாகச் சொல்லிக்கொள்ள இயலாது.

எஞ்சியிருப்பது ஊசியைப் பற்றிய கேள்வி. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில், பிழைக்க வழியின்றித் துடித்த கன்றுக்குக்குட்டி ஒன்றை மருத்துவரைக் கொண்டு ஊசி போட்டு இறக்கச் செய்தார் காந்தியடிகள். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. எழுதியவர்களுள் ஜைனரும் இருந்தனர். அடிகள் மறைக்கவில்லை, தம் ஏட்டில் தாமே அதை எடுத்தெழுதி, தன்னலமின்றி, உயிரின் நோவைத் தீர்க்கச் செய்வது இம்சையாகாது என்று வாதிட்டார். அவருடைய தூய்மையில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அவர் முடிவை நம் நெறி ஏற்பதற்கில்லை. வேதனீய வினை தந்த நோவு, உடலை நீக்குவதால் தீர்ந்துவிடுவதன்று. சல்லேகனையைப் பெரியோர் போற்றினர் என்றால், அது தன் அறிவோடும் தன் இசைவோடும் ஒருவர் தாமே ஏற்பதனால்தான். பிறருக்கு நாம் சல்லேகனை வழங்க முடியாது. ஐம்பொறியோடு மனமும் உடைய விலங்குகள் அணுவிரதம் ஏற்று ஐந்தாம் குணஸ்தானம் வரை உயரத் தக்கவை என்பது ஆகமம். பார்சுவநாத பகவான் முற்பிறப்பொன்றில் யானையாயிருந்தபோது விரதம் ஏற்றார் அன்றோ. அத்தகைய உயிரின் எஞ்சிய நாட்கள் எதற்குப் பயன்படும் என்று கணக்கிட நமக்கு அறிவு போதாது.

இதைச் சொல்லும்போதே வேறொன்றையும் சொல்லியாக வேண்டும். 'அதன் வினை அது அனுபவிக்கிறது' என்று கூறிவிட்டு, நோவடக்கும் மருந்தும் கொடாமல், மெத்தென்ற படுக்கையும் இடாமல், மருத்துவரை அழைத்த செலவையும் தவிர்த்துக் கை கட்டி நிற்பவர், காந்தியடிகளைக் குறை சொல்லத் தகுதியற்றவர். மேலும் நம்மிடம் வந்த வினாவில் உள்ள குதிரை சாகும் நிலையில் இல்லை. ஏறி ஓட்டத் தகாது, அவ்வளவே. குதிரையின் ஆயுள் இருபத்தைந்து முதல் முப்பது ஆண்டு வரை. அக்குதிரைக்கு இன்னும் பதினைந்து ஆண்டுகள் புல் மேயும் வாழ்வு இருக்கலாம். அதை ஊசியால் முடிப்பதற்குக் கருணை என்று பெயரிட்டால், அச்சொல்லின் பின்னே தீவனச் செலவும் லாய வாடகையும் மறைந்து நிற்பதைக் காண்பது கடினமன்று. செலவு பொய் என்று நான் சொல்லவில்லை. நடுத்தரக் குடும்பத்துக்கு அது பெரும் பாரம். ஆனால் செலவைச் செலவு என்றே சொல்லி, அதற்கு உறவினரிடமும் சமூகத்திடமும் உதவி தேடுவது நேர்மை. போட்டிகளும் புதுச் சேணமும் நின்றால் மிஞ்சும் தொகையும் கணிசமானதே.

உண்மையிலேயே கடினமான நிலையும் ஒன்று உண்டு. பெருவியப் பாசோ போன்ற சில குதிரை இனங்களில், அடிபடாமலே தாங்குநார்கள் நாளடைவில் நலிந்து, கணுமூட்டுகள் நிலத்தை நோக்கித் தாழ்ந்துகொண்டே போகும் நோய் காணப்படுகிறது. அதற்குத் தீர்வு இல்லை. ஓய்வும் பயனளிப்பதில்லை. அத்தகைய குதிரையின் அருகில் இரவில் நின்றவர்கள் எடுத்த முடிவைப் பகலில் நாற்காலியில் அமர்ந்து பழிக்க நான் துணியேன். நான் சொல்லக்கூடியது, அவ்விடத்தில் நம் முன்னோர் காட்டிய ஒரு செயலை மட்டுமே. சீவக சிந்தாமணியில், அந்தணர் அடித்ததனால் உயிர் போகும் நிலையில் கிடந்த நாயைச் சீவகன் கண்டான். அதைப் பிழைப்பிக்க அவனால் ஆகவில்லை. அதை விரைந்து முடித்துவிடவும் அவன் எண்ணவில்லை. அருகில் இருந்து, அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாய்ப் பிறந்தது. அரசகுமரன் ஒருவன் தெருவில் கிடந்த நாயின் பக்கத்தில் அமர்ந்து, அது அடங்கும் வரை எழுந்து போகாமல் இருந்தான்.